எபனேசர் மாமாவின் பேய்த்தட்டு

நிலவுக்குப் போன ராக்கெட்டுக்கே இசையமைக்கத் தகுதியான ஒரே ஆள், எங்கள் சித்தூர் ரேடியோ மெக்கானிக் எபனேசர் மாமாதான். தானே செய்த மின்கருவியை ஊளையிட வைத்து, எழுபத்திரண்டாம் வருஷம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஒருவரும் வாங்கவில்லை. மனைவி தபீதாள் இறந்த துக்கத்தில் தட்டுகளையெல்லாம் உடைத்தார். அவள் குரல் அந்தத் தட்டில் மட்டும்தான் பதிவாகியிருந்தது என்று பிறகு புலம்பினார்.

போன வாரம் சர்ச் பரணில் உடையாமல் தப்பிய ஒரு தட்டு எனக்குக் கிடைத்தது. பாடகர் குழுவை மிரட்டலாமென்று ஒலிபெருக்கியில் போட்டேன். ஊளைக்கு நடுவே ஒரு பெண் சிரித்தாள். எல்லோரும் வெளியே ஓடினார்கள். மாமா மட்டும் உள்ளே ஓடிவந்தார்.

"தபீதாடா! இன்னொரு வாட்டி போடு."

அந்தச் சிரிப்பையே திரும்பத் திரும்ப வைத்தேன். மாமா மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"ஊரையே பயமுறுத்த வந்துட்டு, நீ ஏன்டா மூக்கை உறிஞ்சிக்கினு கீறே?"