அக்டோபர் பக்கம்

அபிராமபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருக்கும் சுலோச்சனாவுக்கு வயது அறுபத்தெட்டு. முப்பத்து மூன்று வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸ். இப்போது அவளுக்கு ஒரே நோயாளி, பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவர் ராமானுஜம். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, துணி மாற்றியபின் மிஞ்சும் நேரத்தில் பறவைகளைப் படம்பிடிக்கக் கேமராவோடு கொல்லைக்குப் போவாள். வாரம் ஒருநாள் நாத்தனார் வந்து உட்கார்ந்தால் அடையாறு முகத்துவாரம். ஏழு வருடமாக இப்படி.

மாடிவீட்டுப் புஷ்பம் கேமராவைத் தொட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். மகன் ஸ்ரீஹரி பிறந்தநாளுக்கு முழங்கை நீள லென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தான். முகத்துவாரத்துக்குப் போன முதல் நாளே, மீனைக் கவ்விக்கொண்டு எழும்பும் மீன்கொத்தி அவளுக்குச் சிக்கியது. இருவரும் இருந்த பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் கைதட்டினார்கள். சுலோச்சனாவும் ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டு, அன்று ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

குழு வருடா வருடம் நாள்காட்டி அச்சடிக்கும். அடுத்த வருடத்துக்குப் பதினொரு பக்கம் முடிவாகிவிட்டது. அதில் மூன்று புஷ்பத்துடையவை. சுலோச்சனாவுடையது ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தது அக்டோபர். அதற்கு அவள் மனதில் ஒரே பறவைதான், ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. வடக்கிலிருந்து தெற்கே போகும் வழியில் இந்தத் தெருக்களில் ஓரிரு நாள் இறங்கும். அதற்காகவே கொல்லையில் சருகைப் பெருக்கவிடாமல் ஏழு வருடமாகக் காத்திருந்தாள்.

அந்த வருடம் மகாளய அமாவாசை அக்டோபர் முதல் வாரத்தில் வந்தது.

"காக்காய்க்கு வெச்சியோ?" என்று ராமானுஜம் குழறினார்.

எப்போதும் மொட்டைமாடியில்தான் வைப்பாள். கொல்லையில் காக்காய் சேர்ந்தால் வேறு பறவை அண்டாது. அன்று முழங்கால் வலி. மதில்மேலேயே சாதத்தை வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் கொல்லையில் ஒரே கூச்சல். சாதத்துக்கு வந்த காக்காய்கள் சருகுக்குள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன. பச்சையாகத் துடித்தது. அதே குருவி! கேமரா சாப்பாட்டு மேஜையில் இருந்தது. கையில் கிடைத்தது துண்டுதான். அதை வீசிக் காக்காய்களை விரட்டி, அதிலேயே குருவியைச் சுற்றி எடுத்தாள். இறக்கை முறியவில்லை, ரத்தம் இல்லை, அதிர்ச்சிதான். செருப்புப் பெட்டியில் துளை போட்டு இருட்டில் வைத்தாள்.

சத்தம் கேட்டு லென்ஸோடு இறங்கி வந்தாள் புஷ்பம். "யக்கா, வாயில தண்ணி ஊத்துவமா?"

"ஊத்தினா மூச்சு முட்டிச் செத்துடும். ரெண்டு மணி நேரம் தொடப்படாது."

இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் பிராண்டும் சத்தம் கேட்டது. சுலோச்சனா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "உள்ளங்கையில எடுத்து விடு. நான் போட்டோ எடுக்கறேன்."

"ஆத்தாடி, நானா? எங்கையப் பாருங்க, வெடவெடங்குது. நீங்க நர்ஸு, எத்தன பிள்ளையப் பிடிச்ச கை!"

"மீன்கொத்தியை எடுக்கறச்சே நடுங்கலையோ?"

"அது தூரத்துல இருந்துச்சுல்லா!"

வேறு வழியில்லை. சுலோச்சனாவே பெட்டியைத் திறந்து குருவியை இரண்டு கையாலும் ஏந்தினாள். புஷ்பம் மூன்றடி தள்ளி நின்று குறிபார்த்தாள். அவ்வளவு பெரிய லென்ஸ் பத்தடிக்குள் எதையும் தெளிவாகப் பிடிக்காது. பச்சையாக ஒரு மங்கல்தான் விழும். சுலோச்சனாவுக்கு அது தெரியும். சொல்லவில்லை. அக்டோபருக்கு எவனாவது ஒரு கொக்கைப் போட்டுக்கொள்ளட்டும்.

குருவி இறக்கையை உதறியது. "யம்மாடி!" என்று அலறிய புஷ்பம் பதினைந்தடி தள்ளியிருந்த குப்பைத்தொட்டி வரைக்கும் பின்னால் ஓடினாள். அங்கிருந்தபடியே படபடவென்று எடுத்துத் தள்ளினாள். குருவி மாமரத்துக்குள் மறைந்தது.

நாள்காட்டி இப்போது சுலோச்சனா வீட்டில் ராமானுஜத்தின் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. அக்டோபரில், விரிந்த இறக்கையோடு ஆறுமணிக்குருவி. அதன் கீழே நரம்போடிய இரண்டு கைகள். ஓரத்தில் புஷ்பத்தின் பெயர். யாருடைய கை என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

நாள்காட்டி வந்த அன்றே அந்தப் பக்கத்தைப் புரட்டி அவரிடம் காட்டினாள். "குருவியோட கண்ணு கூர்மையா விழலை, பாருங்கோ."

அவர் நிதானமாகப் பார்த்தார். "நன்னாத்தான் விழுந்திருக்கு."

அன்று அவருக்குக் கஞ்சி ஆறித்தான் வந்தது.