வளைவில் அடிக்கும் மணி

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில், வாடகை மலிவென்று நானும் கணவரும் தம்போயில் புதிதாய் வீடுகள் முளைத்த கம்பம் எனும் கிராமக் குடியிருப்புக்குப் போனோம். டவுன் வேலைக்கு ஒரே சைக்கிளில் போய்வருவோம்; டயருக்குள் டியூப் கிடையாது, திணித்த கயிறுதான். திரும்பும்போது வளைவில் கணவர் மணியடிப்பார். உடனே பக்கத்து வீட்டு ஒல்லி அக்கா ஈரக்கையோடு வாசலுக்கு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போவார்.

அக்காவின் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துப் போயிருந்தார்கள், அங்கே போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மணியடிப்பதை நிறுத்தினோம்.

சில நாளில் அக்கா வேலியருகே வந்தார். "ஏம்மா, இப்பல்லாம் மணி அடிக்கிறதில்ல?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்க்கா..."

"அடிக்கச் சொல்லு லா. எங்க வீட்டுக்காரரும் அந்த வளைவுலதான் அடிப்பாரு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் மரவள்ளிய அடுப்புல வைக்கத் தோணுது."

மறுநாள் கணவர் மணியடித்தார். அக்கா வீட்டுக் கூரையில் புகை எழுந்தது. எத்தனை பேருக்கு வேகவைக்கிறார் என்று நான் கடைசிவரை கேட்கவேயில்லை.