பொய்க்காரி கையால் கஞ்சி

"டோல்கேட்ட தாண்டிட்டேம்மா, வந்துக்கினே இருக்கேன்" என்று போனில் சொல்லும்போது சுப்ரியா விழுப்புரம் பேருந்து நிலையத்தில் சமோசா தின்றுகொண்டிருப்பாள். நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவது திண்டிவனத்திலிருக்கும் அம்மா அனந்தவல்லிக்குத் தெளிவாகக் கேட்கும். பதினெட்டு வயது, கல்லூரியில் முதலாண்டு, வாயைத் திறந்தால் பொய். கடைசி வகுப்பிலிருந்து நழுவ ஒருநாள் தலைவலி, ஒருநாள் அத்தைக்குக் கல்யாணம். அந்த அத்தைக்குப் பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள்.

பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக் கத்துவாள். அப்பாவின் ஈரத்துணியை மாற்றும்போது மூக்கைச் சுளிக்க மாட்டாள். மல்லாட்டை என்னும் நிலக்கடலை வியாபாரம் செய்த அப்பா ஜினபாலனுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது, நர்ஸ் ஒரே முறை காட்டிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டாள்: புரட்டிப் படுக்கவைப்பது, முதுகு துடைப்பது, புண் வராமல் குதிகாலுக்கு அடியில் துணி வைப்பது. செய்துகொண்டே திட்டுவாள். "நீங்க இன்னா சின்னப் பாப்பாவா? கால நீட்டுங்க, ஜல்தி." அவள் துணி மூலையில் மலையாகக் கிடக்கும், அவர் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது.

சமணக் குடும்பம். சூரியன் மறைந்து பொழுது போனபின் சாப்பிடுவதில்லை என்பது ஜினபாலன் ஒருநாளும் மீறாத விரதம். அதெல்லாம் வெளிச்சமில்லாத காலத்துச் சட்டம் என்பாள் மகள். ஒன்பது மணிக்கு அடுக்களையில் நூடுல்ஸ் கிண்டுவாள். வாசனை அப்பாவின் கட்டில்வரை போகும்.

இப்போது அவருக்கு விழுங்குவது சிரமம். கெட்டியான கேப்பைக் கஞ்சி ஒரு கிண்ணம் இறங்க ஒரு மணி நேரமாகும். நடுவில் ஒரே சொல் கேட்பார்: "பொழுது?" கார்த்திகையில் ஒருநாள், வெளியே பொழுது விழுந்தது தெரிந்தும் அனந்தவல்லி திரையை இழுத்துவிட்டு, "இருக்குதுங்க" என்றாள். அடுத்த கரண்டிக்குள் பள்ளிவாசலில் அந்திநேரப் பாங்கு ஒலித்தது. கஞ்சியைத் துப்பினார். அன்றிலிருந்து மனைவி கையால் மதியம் இரண்டு வாய், அவ்வளவுதான். உடம்பு இளைத்தது. எடை இன்னும் குறைந்தால் மூக்கில் குழாய்தான் என்றார் மருத்துவர்.

மிச்சமிருந்தது மாலைக் கஞ்சி. அதற்கு வீட்டிலேயே பெரிய பொய்க்காரியை அவர் நம்பினார். அவள் எட்டிப்பார்த்து, "தென்னமரத்துக்கு மேலதான் நிக்குது, சாப்புடுங்க" என்றால் நிற்கும். போய்விட்டது என்றால் போயிருக்கும். கிண்ணத்தைக் கழுவப் போட்டுவிடுவாள். கல்லூரியில் சொல்லும் அத்தனை தலைவலியும் இந்தக் கஞ்சிக்காகத்தான்.

மார்கழியில் ஒருநாள் விக்கிரவாண்டி அருகே லாரி கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டது. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சேர்ந்தபோது பொழுது கொஞ்சம்தான் இருந்தது. பகல் முழுக்க மழையிருட்டு. மின்சாரமும் இல்லை, ஒலிபெருக்கியில் பாங்கு கேட்க வழியில்லை. மறுநாள் எடை பார்க்க வேண்டும். பாதிக் கிண்ணம் இறங்கியதும் அவர் கேட்டார்: "பொழுது?"

சுப்ரியா போனில் மணி பார்த்தாள்.

"இருக்குதுன்னு சொல்லேன்டி. உன் வாய்க்கு இது புதுசா?" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தாள் அனந்தவல்லி.

"இப்பதாம்ப்பா போச்சு" என்றாள் சுப்ரியா. "நான் லேட்டு, தப்பு என்னுது. இன்னும் பாதி கெடக்குது. சாப்ட்டா விரதம் போவும். சாப்புடலன்னா மூக்குல டியூபு சொருவுவாங்க. நீங்களே சொல்லுங்க."

ஜினபாலன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அடுத்த கரண்டிக்காக இடப்பக்க உதடு மெல்லப் பிரிந்தது.

அனந்தவல்லிக்கு அழுகை முட்டியது. "அழுவறதுன்னா வெளிய போய் அழும்மா. அவரும் அழுதா பொரையேறும்" என்றாள் மகள், திரும்பாமலே. அப்பாவின் முகவாயைச் சற்றுத் தாழ்த்தினாள். அரைக் கரண்டி ஊட்டினாள். அவர் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்து, அது இறங்கும்வரை காத்திருந்தாள்.