ஆகஸ்ட் மாதத்து வெள்ளைக்காரர்

முகத்துக்கு மாவு பூசும்போது சின்னராசு காதுகளை மட்டும் விட்டுவிடுவார். நெற்றி, மூக்கு, தாடை, கழுத்தின் முன்பக்கம் எல்லாம் ஏறிவிடும். தேங்காயெண்ணெயில் குழைத்த பச்சரிசி மாவை இரண்டு விரலால் தொட்டு, ரசம் போன கண்ணாடித் துண்டை எட்டப் பிடித்துப் பார்த்து, விட்டுப்போன இடங்களை ஒற்றி ஒற்றி அடைப்பார். காதுக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொள்வார். ஏனென்று கேட்டால், "காதும் வெள்ளையாப் பூட்டா நம்ம சனம் பேசறது எப்டிங்க புரியும்?" என்பார்.

மலையில் விளைகிற சாமையின் மாவு இதற்கு ஆகாது. கொஞ்ச நேரத்தில் பழுப்படித்துவிடுமாம். "வெயில்ல நின்னா தொர மறுபடியும் மலைக்காரனா ஆயிடறாரு." அதற்காகவே இறங்கிப்போய் சந்தவாசல் கடையில் பச்சரிசி வாங்கி வருவார்.

வருஷத்தில் மற்ற நாளெல்லாம் சின்னராசு ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் போடுகிற விவசாயி. ஆகஸ்ட் பதினைந்து அன்று மட்டும் அவர் இங்கிலாந்து. சுதந்திர வெள்ளி விழா வந்த எழுபத்திரண்டில், பள்ளிக்கூடத்து வாத்தியார் பஞ்சாட்சரம், நாடு கைமாறிய சடங்கைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சின்ன நாடகம் போட்டார். துரை வேஷம் கட்ட யாரும் முன்வரவில்லை. அடி விழுமோ என்று பயம். சின்னராசு எழுந்தார். அன்று பிடித்த வேஷத்தை இன்றுவரை விடவில்லை. யாரோ கொடுத்த காக்கிக் கால்சட்டை, தொப்பிக்குப் பாதியாய் அறுத்த சுரைக்குடுவை, கைக்கு உறையாக வாத்தியாருடைய வெள்ளை சாக்ஸ். கைக்கும் மாவு பூசியதில் மேசை, கொடி, பிள்ளைகள் தலை என்று தொட்டதெல்லாம் வெளுத்துப்போக, வாத்தியாரே காலிலிருந்து கழற்றிக் கொடுத்தது அது.

நாடகம் முடிந்தாலும் பொழுது சாயும்வரை முகம் கழுவமாட்டார். டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வரி தள்ளுபடி செய்வார். "ராணியம்மா, உன் ஆட்டு வரி பூட்ச்சி. முனிசாமி, நீ மட்டும் கட்டணும். போன வருசம் கல்லு வுட்டவன் நீதான்."

டெல்லியில் அந்தச் சடங்கு எப்படி நடந்தது என்று வாத்தியார் வசனத்தில் எழுதியிருந்தார். ஒத்திகையிலேயே ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கொடி இறங்கி ஒரு கொடி ஏறினால் நிலம் கைமாறிவிடுமா? மலையில் அதற்கென்று முறை இருக்கிறது. கொடுக்கிறவர் அந்த நிலத்து மண்ணில் ஒரு கட்டியைப் பெயர்த்து வெற்றிலைமேல் வைத்து, வெறுங்கையால் வாங்குகிறவர் கையில் தர வேண்டும். "மனசு குளுந்து குடுத்தேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத நிலம் சொந்தமில்லை. ஆகவே துரையும் மண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேற வேண்டும் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூட முற்றத்திலேயே ஒரு கட்டி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் சின்னராசு ஒரு வருஷமும் சொன்னதில்லை. "வெள்ளக்காரன் மனசு குளுந்தா குடுத்தான்?" என்று மடக்குவார். சாக்ஸ் போட்ட கையாலேயே கட்டியை நீட்டி, "எஸ், நோ, தேங்க்யூ" என்று முடித்துவிடுவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

நாட்டை வாங்கிக்கொள்கிறவர் அவருடைய தம்பி கோவிந்தன். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிற ஒரே நாள் அதுதான். அப்பாவின் நிலத்தைப் பங்கு பிரித்தபோது, எல்லையில் நின்ற புளியமரமும் அதைச் சுற்றிய துண்டு நிலமும் யாருக்கு என்று பேச்சு தடித்தது. சின்னராசு அதைத் தானே பிடித்துவைத்துக்கொண்டார். அதிலிருந்து தம்பிக்குச் சொல்ல வேண்டியதை அவர் ஆட்டிடம்தான் சொல்வார். "ஏ கருப்பி, வேலி பிஞ்சி கெடக்குது, காட்டுப்பன்னி எறங்குதுன்னு உங்க சின்னவன்கிட்ட சொல்லு." வேலிக்கு அந்தப் பக்கம் கோவிந்தன் தன் காளையிடம், "நமக்கும் கண்ணு இர்க்குதுன்னு சொல்லுடா" என்பார். சின்னராசுவின் மனைவி மங்கம்மாள், "இந்த வூட்ல ஆடு மாட்டுக்குத்தான் மரியாதை" என்று அலுத்துக்கொள்வார்.

இந்த ஆகஸ்டுக்கு முந்தி ஒரு செய்தி பரவியது. பங்கு நிலம் வயிற்றுக்குப் பற்றாமல் கோவிந்தன் குடும்பத்தோடு படவேட்டுக்குக் கரும்பு வெட்டப் போகிறார். பதினைந்தாம் தேதி நாட்டை வாங்கிக்கொண்டு, மறுநாள் மலையிறங்குகிறார். அதைக் கேட்ட அன்று சின்னராசு ஆட்டிடம்கூடப் பேசவில்லையாம்.

நாடகம் வழக்கம்போலத்தான் தொடங்கியது.

"நாட்ட குட்த்துட்டு நான் எங்கடா போவேன்?"

"கப்பலேறிப் போ, தொர."

"கப்பலு சந்தவாசல்ல நிக்குமா?"

"நிக்காது. படவேட்டுல மாறி ஏறிக்க."

"வழிக்கு சோறு?"

"களி கட்டித் தர்றோம். திரும்பி வராம இர்ந்தா சரி."

"தொர, பாத்துப் பேசு! ராத்திரி நம்ம வூட்டுக்குத்தான் வரணும்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து மங்கம்மாள் குரல் கொடுக்க, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் துரை வசனத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "நாட்ட வாங்கிகினு நீ இன்னாத்துக்குடா கீழ போற?"

கோவிந்தன் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"பங்கு பத்தல, தொர" என்றார் கோவிந்தன், மெதுவாக.

துரை வெற்றிலையையும் மண்கட்டியையும் மேசைமேல் வைத்தார். வலது கை சாக்ஸைப் பல்லால் கடித்து இழுத்தார். அப்புறம் இடது கை. அத்தனை வெள்ளை முகத்துக்குக் கீழே காய்ப்பேறிய இரண்டு கறுத்த கைகள் வெளியே வந்தன. வெற்றிலையோடு கட்டியை ஏந்தி நீட்டினார்.

"மனசு குளுந்து குடுத்தேன்."

கூட்டம் ஓவென்று கத்தியது. அடுத்து கோவிந்தன் ஜே போட வேண்டும். அவரோ கட்டியைப் புரட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், இன்னொரு தரம் புரட்டினார். "ஜே சொல்லுய்யா" என்று வாத்தியார் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தும் வாய் திறக்கவில்லை. வசனத்தை மறந்துவிட்டார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று பள்ளிக்கூட முற்றத்தில் யாரும் மண் பெயர்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விடிந்தும் விடியாமலும் மண்வெட்டியோடு கிளம்பிப் போய், புளியமரத்தடியிலிருந்து அந்தக் கட்டியைச் சின்னராசுவே வெட்டி எடுத்து வந்திருந்தார்.