கண்ணாடி போடாத படம்

அக்காவுக்குப் போட்டோ கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பல்லாவரம் ஸ்டூடியோவில் ஒன்று எடுக்கலாம் என்று அப்பா நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்த லட்சணம், டைபாய்டு முந்திக்கொண்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வாட்டர் கலர் படம். தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு டிராயிங் சார், அறுபதுகளில் ஒரு கிறிஸ்துமஸ் லீவில் அவளைக் கிணற்றடியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து வரைந்தது.

அப்பா அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பாள். கண்ணாடி இருந்தவரை வம்பில்லை. ஓர் ஐப்பசி மழையில் ஜன்னல் கதவு அடித்து அது நொறுங்கியது. அடுத்த வெள்ளி அம்மா பழக்கதோஷத்தில் காகிதத்திலேயே பொட்டு வைத்துவிட்டாள். ஈரச் சந்தனம் பட்டால் வாட்டர் கலர் என்ன ஆகும்? நெற்றி கரைந்து புருவத்தில் இறங்கியது.

அப்பா அன்றைக்கே புதுக் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்தார். அம்மா போடவிடவில்லை.

"கண்ணாடில வெச்சா சில்லுனு இருக்கும். இப்பதான் அவ நெத்தியிலயே வெக்கற மாதிரி இருக்கு."

"அழிஞ்சு போயிடுமே."

"தெரியும்."

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்பா கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தார். வாராவாரம் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தடவை செத்தவளை மறுபடி சாகவிட்டு வேடிக்கை பார்க்கிறோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அம்மாவின் விரலை யார் பிடித்து நிறுத்துவது?

நான் போய் டிராயிங் சாரைக் கூட்டிவந்தேன். அவர் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இது மேல கலர் வெச்சா வேற யாரோ பொண்ணு ஆயிடும்மா. சின்னவளுக்கு அதே ஜாடைதானே, அவள உக்காரவெச்சுப் புதுசா வரையறேன்."

அதற்குள் நானும் தாவணி போடும் வயதுக்கு வந்திருந்தேன். அக்காவின் தாவணியில், அதே கிணற்றடியில், அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எப்படியாவது அவளாகிவிட வேண்டும் என்று அவளைப் போலவே வாயை மூடிச் சிரித்தேன். படம் முடிந்ததும் அச்சு அசல் பெரியவள் என்றார் அப்பா. அம்மா கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு சார். சின்னவளேதான்."

பீரோவுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை எடுத்து அதற்குப் போடச் சொன்னாள். உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு யாராவது பொட்டு வைப்பார்களா?

அக்காவின் சட்டத்தில் இப்போது இருப்பது மஞ்சளும் சிவப்பும் ஊறிய வெறும் காகிதம். என் படம் ஒரு கலர்கூட மங்காமல் அப்படியே இருக்கிறது. அம்மா அதை ஒருநாளும் தொட்டதில்லை.