கோழியின் மேல் ஊற்றிய தண்ணீர்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த கோழியின் மேல் நான் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். என்ன திமிர் எனக்கு!

அன்று என் மனைவியின் திவசம். மேல்வீட்டுக்காரர் தன் கரி ஸ்மோக்கரின் முன் நின்றார். இறைச்சியை மூடிவைத்துப் புகையிலேயே வேகவைக்கும் இரும்பு உருளை அது. வெள்ளைத் தொப்பி, மருதோன்றி பூசிய தாடி. எது செய்யுமுன்னும், பேசுமுன்னும், இடுப்பில் கட்டிய சாரத்தில் கையைத் துடைத்துக்கொள்வார்.

"இண்டைக்குமோ உங்கட கோழி? திவசம் நடக்கிற வீடு தெரியேல்லையோ?" என்று கத்திக்கொண்டே ஊற்றினேன். கரி சீறி அணைந்தது.

அவர் கையைத் துடைத்தார்.

"திவசம்ன்டு யாரு மாஸ்டர் எனக்குச் சொன்ன? மூடிவெச்சா மணிக்கணக்கா பொக வரும். எறச்சி திங்காத ஒங்கட ஊட்டுக்கு வரப்படாதுன்டுதான் மூடியக் கழட்டி, கம்பித்தட்ட கரிக்குக் கிட்ட எறக்கி, கெதியா சுட்டேன். புள்ளத்தாச்சி மகள் ஆசப்பட்டா."

மறுநாள், பிறந்ததிலிருந்து மச்சமாமிசம் தொடாத நான் ஒரு கோழி வாங்கிக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன்.

"ஹலாலான்டு கேட்டீங்களா மாஸ்டர்?"

கேட்கவில்லை. இத்தனை காலம் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தும் எனக்குத் தோன்றவில்லை. படித்தவனாம்!

"வாங்க, கடைய காட்டுறேன்" என்று செருப்பை மாட்டினார். மகளுக்கான கோழியை என்னையே வாங்கவிட்டார். திரும்பும் வழியில், அடுத்த திவசம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை என்று இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.