பத்து மணிக்கு வந்த கிராக்கி

முதலீட்டு வங்கி வேலைக்குப் படிக்கிறேன் என்று ஆரணியில் சொன்னால், "எந்த பேங்கும்மா, பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கே, அதுவா?" என்பார்கள். ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் விளக்கினேன். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது நடுவில் நின்று விலை பேசி முடித்துக் கொடுக்கிற வேலை என்றேன். "அட, புரோக்கரா!" என்றாள் சேவூர் அத்தை. அன்றோடு விளக்குவதை விட்டேன். ஒரே பேஜார்.

பி.காம். முடித்தபின் இரண்டு வருஷம் மாடி அறைதான் என் கல்லூரி. கீழே அப்பாவின் பட்டுப்புடவைக் கடை, பக்கத்து வீட்டில் பவர்லூம், நடுவில் நானும் என் லேப்டாப்பும். ஆண்டறிக்கையைப் பிரித்து, ஒரு கம்பெனி என்ன விலை பெறும் என்று எக்செல்லில் போட்டுப் பார்க்க நானே கற்றுக்கொண்டேன். சந்தேகம் கேட்க ஒரு ஆள் கிடையாது. ஒரு மும்பை நிறுவனத்தின் முதல் கட்டத் தேர்வில் பாஸான அன்று, யாரிடம் சொல்லலாம் என்று ஃபோனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளினேன். ஒரு பெயரிலும் விரல் நிற்கவில்லை.

பிறகு அந்த நிறுவனம் என்னை ஆன்லைன் பயிற்சிக்கு எடுத்தது. கடைசி நாள் பரீட்சையில் தேறினால் வேலை. திரையில் இருபது முகங்கள். எல்லாரும் பெரிய ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்கள், இந்தியில் கேலி பேசிச் சிரிப்பார்கள். தறிச் சத்தம் கேட்கக் கூடாதென்று மைக்கை அணைத்தே வைத்திருந்தேன். போகப் போக, சத்தம் இல்லாத நாளிலும் அதைத் திறக்கத் தோன்றவில்லை.

கடைசி நாள். ஒரு கற்பனைக் கம்பெனியை நான் விற்க வேண்டும். மூன்று பேர் விலைக்குக் கேட்பார்கள், மூவரையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும், குறித்த விலைக்குக் கீழே இறங்கவே கூடாது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலை பத்து மணிக்கு முதல் ஆள் திரையில் வந்தார். குறித்த விலைக்குக் கொஞ்சம் கீழே கேட்டார். நான் சரி என்றேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எங்கள் கடையில் காலையில் முதலில் வருகிற கிராக்கியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். விலை முன்னே பின்னே இருந்தாலும் கொடுத்துவிடுவோம். போணி ஆகட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லீவு நாட்களில் நானே எத்தனை புடவையை அப்படிக் கொடுத்திருக்கிறேன்! படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஏன்?" என்று பயிற்சி கொடுத்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். போணி என்றால் அவருக்கு என்ன தெரியும்? மைக்கை மறுபடி அணைத்தேன். தேறியவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம், ஒரு வார்த்தையில் போச்சு.

கீழே இறங்கினேன். அப்பா புடவை மடித்துகினு இருந்தார்.

"இன்னாம்மா, முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுப்பா. ஒரு கம்பெனிய விக்கச் சொன்னாங்க. மொதல்ல கேட்டவருக்கே குடுத்துட்டேன்."

"பின்ன? போணிய யாராவது திருப்பி அனுப்புவாங்களா? கரெக்டா செஞ்சிருக்க!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் என்ன படிக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. நான் செய்தது சரி என்று சொன்ன ஒரே ஆளும் அவர்தான். வேலை போச்சுப்பா என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

களம்பூரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க உள்ளே வந்தது. அப்பா முந்தானையைப் பிரித்துகினே என்னைக் காட்டினார்.

"எம் பொண்ணுங்க. இன்னிக்கி மொத போணிக்கே ஒரு கம்பெனிய வித்துட்டா."

அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.